துப்பாக்கிக் குழாயில் உப்பு

மழைக்கு முன்னாடி பரணைக் காலி பண்ணிரலாம்னு ஏறினோம். சென்னையிலிருந்து வந்திருந்த மகளும் கூட நின்னா. எங்க பெரியப்பாவோட பட்டாளத்து டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் திறந்தா, உள்ளே அந்துப்பூச்சி தின்ன கம்பளி ஒண்ணு. அதுக்கடியில விரல் நீளத்துல ஒரு பித்தளைக் குப்பி. ஒரு முழத்துக்கு மேல் கயிறு, அதன் முனையில் கனமான பித்தளைத் துண்டு.

"இது என்னப்பா, கொத்தனார் தூக்குக்குண்டா?" என்று கேட்டாள்.

தூக்குக்குண்டு இல்லை. ராணுவத் துப்பாக்கி துடைக்கிற சாமான். குப்பியோட மூடியைத் திருகினா, மூடியிலேயே ஒட்டின மாதிரி சின்னக் கரண்டி ஒண்ணு உள்ளேயிருந்து வரும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டா எடுத்து வைக்க அது. கயிற்றுக்குப் பேர் புல்த்ரூ. இந்த இரண்டையும் பற்றி அவளுக்குச் சொல்ல ஆரம்பிச்சது இருநூறு வருசத்துக் கதையா நீண்டுபோச்சு. அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கு. அதை இதுவரைக்கும் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் துடைக்கிற விதம். இது எனக்குப் பெரியப்பா சொல்லித்தான் தெரியும் என்றில்லை. எண்பதுகளில் கோவில்பட்டியில் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன். எங்களுக்குக் கவாத்துக்குக் கொடுத்தது 303 துப்பாக்கி. லீ என்ஃபீல்டு என்று பேர். சுட முடியாதபடி ஆக்கி, டி.பி. என்று எழுத்துப் போட்டிருப்பாங்க. சுடுறதுக்குச் சின்ன .22 துப்பாக்கி தனி. 303 கிட்டத்தட்ட நாலு கிலோ கனம். தோளில் வைத்து ஒரு மணி நேரம் நடந்தா சாயங்காலம் சோத்துக் கையைத் தூக்க முடியாது.

தோளில் வைக்கிற மரக்கட்டையின் அடியில் பித்தளைத் தகடு இருக்கும். அதில் ஒரு சின்னக் கதவு. நகத்தால் நெம்பினா திறக்கும். கட்டைக்குள்ள குடைந்த ஓட்டையில் எண்ணெய்க் குப்பியும் புல்த்ரூவும் குடியிருக்கும். துடைக்கிற சாமானைத் துப்பாக்கியே வயிற்றுக்குள்ள சுமந்துக்கிட்டுத் திரியுது. எனக்கு அந்த வயசில் அதுதான் பெரிய அதிசயம்.

போல்ட்டை உருவி எடுத்துட்டு, பித்தளைக் குண்டைப் பின்பக்கமா குழாய்க்குள்ள போட்டா, அது தன் கனத்திலேயே வழுக்கி முன்வாயில் வந்து தொங்கும். கயிற்றில் ஒரு கண்ணி இருக்கு. அதில் நாலு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம் வெட்டின மெத்துத் துணியைச் செருகணும். பட்டாளத்தில் அதுக்குச் 'சிந்தி' என்று பேர். அப்புறம் ஒரே இழுப்பில் நேரா இழுக்கணும். நடுவில் நிறுத்தக் கூடாது. பக்கவாட்டில் சாய்த்து இழுத்தா கயிறு முன்வாய் விளிம்பை உரசும். கயிறுதானே, இரும்பை என்ன செய்யும் என்று நினைப்போம். கிணத்துக் கயிறு கல்லைத் தேய்ச்சு வரி வரியாப் பள்ளம் போட்டிருக்கிறதை நம்ம ஊர்ல பார்க்காதவன் யார்? அது மாதிரிதான். தோட்டா குழாயை விட்டுப் பிரியுற கடைசி இடம் அந்த விளிம்பு. அது தேய்ந்தா குறி தப்பும். உள்ளே ஐந்து வரிப்பள்ளம் இடப்பக்கமாச் சுழன்று ஓடும். அதில் எதுவும் அடைத்திருக்கக் கூடாது.

ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டக் கூடாது. போல்ட்டின் கைப்பிடியிலும் துப்பாக்கியின் உடம்பிலும் ஒரே நம்பர் அடித்திருக்கும். பத்துப் பேர் வட்டமா உட்கார்ந்து துடைக்கும்போது ஒருத்தன் போல்ட் இன்னொருத்தனுக்கு மாறிப்போனா ஹவில்தார் கத்துற கத்தில் மைதானத்துக் காக்கா பறக்கும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்கணும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் இரும்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நாளாவட்டத்தில் பிசுக்குப் பிடித்து நகர்கிற பாகத்தை இறுக்கிவிடும்.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து பெருமையாச் சொன்னப்போ, திண்ணையில் வெத்தலை மென்னுக்கிட்டிருந்த பெரியப்பா கேட்டார்: "வெந்நி ஊத்தினீங்களாடே?"

சுடாத துப்பாக்கிக்கு வெந்நி எதுக்கு என்றேன். "சுட்ட துப்பாக்கிக்கு எண்ணெய்க்கு முன்னால வெந்நி. அது தெரியாம என்னத்தத் தொடச்ச?" என்றார்.

அவர் 1942-ல் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக் காட்டு மழையில் கிடந்தவர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரைப் புனல் வைத்துக் குழாய்க்குள்ள ஊற்றணும், இரண்டு மூன்று லிட்டராவது. குழாயே சூடாகிவிடுவதால் ஈரம் தானே காய்ந்துபோகும். அப்புறம் உலர்ந்த சிந்தி, அதுக்கப்புறம் எண்ணெய். மறுநாளும் ஒரு தரம் துடைக்கணும், அதுக்கு மறுநாளும் ஒரு தரம்.

ஏன் வெந்நீர் என்பது எனக்குப் புரிய வெகு வருசம் ஆச்சு. புரிய வைத்தது தீப்பெட்டி ஆபீசில் மருந்து கலக்குகிற ஒரு சிநேகிதர். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம்.) தீக்குச்சித் தலையில் இருக்கிறதில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். அந்தக் காலத்து 303 தோட்டாவின் அடியில் ஊசி தட்டுகிற கேப்பிலும் அதே குளோரேட்தான். எரிந்து முடிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடாக மிஞ்சும். பேர்தான் பெரிசு, நம்ம சோத்து உப்போட பங்காளி. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும். எண்ணெயில் உப்புக் கரையாது. தண்ணீரில்தான் கரையும். உப்பு மேல எண்ணெயைப் பூசினா பளபளன்னு இருக்கும், ஆனால் அடியில் துரு தன் வேலையைப் பாத்துக்கிட்டே இருக்கும்.

கருமருந்துத் துப்பாக்கி இன்னும் மோசம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கருமருந்து. எரிந்தபின் பாதிக்கு மேல் புகையும் கசடுமாத்தான் மிஞ்சும். நாலைந்து தரம் சுட்டாலே குழாய்க்குள்ள அடை அடையாப் படியும். 1857-ல் வடக்கே சிப்பாய்கள் கிளம்பினதுக்குப் பல காரணம் உண்டு. ஆனா பற்ற வைத்த பொறி இந்தக் கசடுதான். புதுசா வந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் குழாயில் வரிப்பள்ளம் இருந்தது. கசடு படிந்தா அடுத்த குண்டை வாய்வழியாக் கெட்டிக்க முடியாது. வழுக்கிக்கிட்டுப் போக தோட்டாக் காகிதத்தில் கொழுப்புத் தடவினாங்க. அது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்பதில் வந்தது வினை. துப்பாக்கியைச் சுத்தமா வைக்கிற பிரச்சினைக்கு ஒரு பொறியாளர் கண்டுபிடித்த வழி, அதை வாயால் கடிச்சுக் கிழிக்கிறவனைப் பற்றி யோசிக்காம விட்டது. மெட்ராஸ் ராணுவம் பெரும்பாலும் அதில் சேரவில்லை. ஆனா தண்டனை எல்லாருக்கும் சேர்த்துத்தான் வந்தது. அதன் பிறகு பீரங்கியை இந்தியச் சிப்பாய் கையில் கொடுப்பதை ஏறக்குறைய நிறுத்திட்டாங்க. துப்பாக்கியிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புது மாதிரி வந்தா, அவன் கழிச்சுப் போட்ட பழசு நம்மாளுக்கு. வெகுகாலம் அப்படித்தான் நடந்தது.

ஆனா எங்க கரிசல் சீமையில் துப்பாக்கியைப் பறித்தது அதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே நடந்துபோச்சு. கடம்பூரிலிருந்து கயத்தாறு கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம். அங்கேதான் 1799 அக்டோபர் 16-ந்தேதி கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டான் பானர்மேன். சினிமா அதோட முடிஞ்சிரும். எனக்கு முக்கியமாப் படுறது அந்தக் கூட்டத்தில் அவன் மற்றப் பாளையக்காரர்களை நிற்க வைத்துச் சொன்னதுதான். கோட்டையை இடி, ஆயுதத்தை ஒப்படை. கடம்பூரும் அப்போ ஒரு பாளையம். பாஞ்சாலங்குறிச்சியோட சேர்த்து ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் என்று பாளையங்கள் பறிபோச்சு.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து இடிச்ச கோட்டையை மறுபடி எழுப்பினார். மண் கோட்டை. நம்ம மண்ணோட குணம், குண்டு பட்டாச் சிதறாது, வாங்கி வச்சுக்கும். மார்ச் 31-ல் கும்பெனிப் படை முட்டிப் பார்த்துத் தோற்றது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்து மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அந்த வருசம் டிசம்பர் 1-ந்தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் போட்டு, பாளையங்களில் ஆயுதம் வைக்கிறதையே தடை பண்ணினான். ஈட்டி, வாள், திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கி எல்லாம் போச்சு. காவல் காத்து வாழ்ந்த குடும்பங்களுக்குக் கையில் மிஞ்சினது கம்புதான். 1878-ல் வைசிராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியா முழுக்க லைசென்ஸ் வேணும் என்று ஆக்கினது. குடகு நாட்டுக்காரர்களுக்கு விலக்கு இருந்தது.

ஆக, துப்பாக்கி நம்ம ஆள் கைக்கு வரணும்னா ஒரே வழி, அவங்க பட்டாளத்தில் சேர்ந்து அவங்க துப்பாக்கியைத் துடைக்கணும். இன்னொரு வழியும் இருந்தது. எங்க ஸ்டேஷனுக்குத் தெற்கே இருக்கிற மணியாச்சியில் 1911 ஜூன் 17-ந்தேதி வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட பிஸ்டல் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அவர் சுடப் பழகினது புதுச்சேரியில். அது பிரெஞ்சுக்காரன் ஊர், லிட்டன் சட்டம் அங்கே செல்லாது.

பட்டாளத்திலும் கதவைச் சாத்தினாங்க. மெட்ராஸ் ராணுவத்துக்கே தளபதியா இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்று எழுதினவர். 'போர்க்குடி' என்று வடக்கத்திச் சிலரை மட்டும் பொறுக்கி எடுக்க, முதல் உலகப்போர் முடிந்து பத்து வருசத்துக்குள்ள மெட்ராஸ் காலாட்படையைக் கலைச்சே விட்டாங்க. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் 1941-ல் மறுபடி ஆள் எடுத்தாங்க. நூற்று நாற்பது வருசத்துக்கு முன்னாடி ஆயுதத்தைப் பறித்த அதே கிராமங்களில் இருந்துதான். எங்க பெரியப்பா அப்படிப் போனவர். அப்போ எங்க பக்கம் மழையில்லை, சோளமும் இல்லை. தேசபக்தி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "மூணு வேளை சோறுடே" என்பார்.

அவர் தோளில் வைத்திருந்த 303 வங்காளத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. அதன் தோட்டாவுக்குப் போடுகிற கார்டைட் மருந்துக்கு நம்ம நீலகிரி அருவங்காட்டில் 1904 வாக்கிலேயே தொழிற்சாலை வந்திருந்தது. இஷாப்பூர்த் துப்பாக்கிக்கு ஒரு அடையாளம் உண்டு. முன்கட்டையில் குறுக்கே கூடுதலா ஒரு திருகாணி போட்டிருப்பாங்க, நம்ம வெயிலிலும் மழையிலும் மரம் விரிசல் விடாமல் இருக்க. என்.சி.சி. துப்பாக்கியில் அந்தத் திருகாணியை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அது என்னவென்று அப்போது தெரியாது.

விடுதலை வந்தபின்னும் 303 யார் வீட்டுக்கும் வர முடியாது. ராணுவத் தோட்டா எந்தத் துப்பாக்கியில் போகுமோ அதைக் குடிமக்கள் வைத்திருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் போட்ட விதி. பட்டாளத்தில் தோட்டா திருடிப் போனா வெளியில் உதவக் கூடாதாம். அதனால்தான் லைசென்சுக்குக் கிடைக்கிற .315 என்று தனி அளவில் அதே லீ என்ஃபீல்டு அச்சில் துப்பாக்கி செய்தாங்க. வெள்ளைக்காரன் போனான், விதி நின்னுபோச்சு. உத்தரப்பிரதேசப் போலீஸ்காரங்க கையில் 303 இருந்தது 2020 குடியரசு தினம் வரைக்கும்.

விவசாயிக்குச் சட்டம் விட்டு வைத்த வாசல் ஒன்று. 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியாக் கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று இருக்கு. அப்படி ஒன்றுதான் பெரியப்பாவுக்குக் கிடைச்சது. பர்மாவில் ஒரு மூச்சில் பத்துத் தோட்டா சுட்டவர், ஊரில் கருமருந்தைக் கொட்டி, கம்பியால் கெட்டிச்சு, கேப்பு மாட்டி ஒண்ணு சுடணும். தொழில்நுட்பத்தில் நூறு வருசம் பின்னால் போய் நின்றார். ஆனா துடைக்கிற ஒழுங்கு பட்டாளத்து ஒழுங்கு. அந்தத் துப்பாக்கிக்குப் பின்பக்கம் அடைப்பு, அதனால் புல்த்ரூ உதவாது. கேப்பு மாட்டுகிற நிப்பிளைத் திருகிக் கழற்றி, குழாயின் அடியை வெந்நீர்ச் சட்டிக்குள் நிற்க வைத்து, துணி சுற்றின கம்பியை மேலும் கீழும் அடிப்பார். சைக்கிள் பம்பு மாதிரி வெந்நி உள்ளே ஏறி, கரேர் என்று வெளியே வரும். தெளிஞ்ச தண்ணி வரும் வரைக்கும் விடமாட்டார். அப்புறம் இந்தப் பித்தளைக் குப்பியிலிருந்து தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு.

ரிப்பேர் என்று பெரிசா எதுவும் அவர் கை வைக்க மாட்டார். கட்டையில் கீறல் விட்டா ஆசாரியைக் கூப்பிடுவார். இரும்பில் ஏதாவது என்றால் லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான். "மரம் நம்மளுது, இரும்பு சர்க்காரோடது" என்பார்.

1996 தை மாசம். உளுந்து காய் பிடித்திருந்த நேரம். குருமலைப் பக்கமிருந்து பன்றி இறங்குகிறது என்று ஒரு ராத்திரி வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. "நீ தொடச்சு வையிடே, வெந்நி வச்சு" என்று சொல்லிட்டுப் படுத்தார். பனி. அடுப்பு அணைஞ்சு கிடந்தது. விறகு மூட்டச் சோம்பல் பட்டு, எண்ணெயை நிறைய விட்டு இரண்டு தரம் கம்பியை ஓட்டினேன். துணி வெளுப்பாத்தான் வந்தது. காலையில் "தொடச்சிட்டேன் பெரியப்பா" என்றேன்.

கொஞ்ச நாளில் தேர்தல் அறிவிச்சாங்க. லைசென்ஸ் துப்பாக்கி எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் கட்டணும். கட்டினோம். ஓட்டு எண்ணி, ஆட்சி மாறி, ஆனி மாசம் திரும்ப வாங்கினப்போ கம்பி அடி வரைக்கும் இறங்க மாட்டேன்குது. தேய்ச்சா செம்மண் கரைச்ச மாதிரி துரு வருது. கடையில் காட்டினோம். அவர் கண்ணாடி மாட்டி விளக்கு அடிச்சுப் பார்த்துட்டு, மருந்து கெட்டிக்கிற அடிப்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி அரிச்சிருக்கு, இனிச் சுட்டா குழாய் உங்க மூஞ்சியில் வெடிக்கும் என்றார்.

ஸ்டேஷனில் ஈரத்தில் போட்டுக் கெடுத்துட்டாங்க என்று ஊரெல்லாம் சொன்னேன். டீக்கடையில் சத்தம் போட்டுச் சொன்னேன். பத்து வருசத்துக்கு மேல் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் சிநேகிதர் உப்பு விவரம் சொன்ன அன்னைக்கு ராத்திரிதான் கடைக்காரர் சொன்ன இன்னொரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. "வெளியில ஒரு பொட்டு துரு இல்லையே, உள்ளதான் போயிருக்கு." ஸ்டேஷன் ஈரம் என்றால் முதலில் வெளியேதான் பிடித்திருக்கணும்.

பெரியப்பாவுக்கு அது அன்றைக்கே தெரியும். கடையில் நிற்கும்போது குழாய் வாயில் சுண்டுவிரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. பஸ்ஸில் வரும்போது வழக்கம்போல எங்க ஸ்டேஷன் போளி ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் கொடுத்தார். அதுக்கு இரண்டு வருசம் கழிச்சு இறந்துபோனார். லைசென்சை யார் பேருக்கும் மாற்றாமல் துப்பாக்கியை ஒப்படைச்சுட்டோம்.

மகளிடம் இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது இருட்டிருச்சு. அவள் குப்பியைக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது, தேன் மாதிரிக் கெட்டிப்பட்டு. சென்னைக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். குப்பியைக் கொடுத்துட்டேன். புல்த்ரூவை நான் வச்சுக்கிட்டேன்.

இப்போ இங்கே உளுந்தைவிட மக்காச்சோளம் அதிகம், பன்றியும் அதிகம். அதைச் சுடுகிற அதிகாரம் வனத்துறைக்குத்தான். நான் ராத்திரிக் காவலுக்கு டார்ச் லைட்டும் தகர டப்பாவும் கொண்டுபோகிறேன்.